வண்டிக்கு அலாரம் வைக்கலாமா என்று கேட்டாய்

அன்புள்ள குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்றேன். பால் எதுவும் பொங்கவில்லை. புது வண்டி புக் பண்ணியிருக்கிறாய், கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் அதில்தான் வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்று கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டாய், "ஷோரூம்ல அலாரம், இம்மொபிலைசர் எல்லாம் சேத்துப் போட்டுக்கோன்றாங்கம்மா. யூஸ் ஆகுமா, இல்ல வேஸ்ட்டா? அப்பா வண்டிக்கு ஒண்ணு போட்டுக் குடுத்தேனே, அது எதுக்காவது ஆச்சா?" என்று. "ஆச்சுப்பா, நல்லாத்தான் இருக்குது" என்றேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் எழுதுகிறேன். வேலைக்கு நடுவில் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் படி. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் படிக்கட்டும். அவளுக்கும் புரியட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் முதல் வண்டி களவு போனபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். கருட சேவை அன்று மூன்று பேரும் அதில்தான் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். மேளச் சத்தம் கேட்டதும் அப்பா அவசரத்தில் சைடு லாக் போடாமல் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பெருமாளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் வண்டி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. வேறு யாரோ தன் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தார். அப்பா விடவில்லை. "இது என் வண்டி நிக்கிற எடம்பா" என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "சைடு லாக் போட்டியா?" தெருவில் விசாரித்தவர்கள் எல்லோரும் கேட்டதும் அதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கம் போகாமல் இருந்தார்.

அதை நீ மறக்கவில்லை. ஓசூரில் வேலை கிடைத்து முதல் லீவில் வந்தபோது, எனக்குப் புடவை, அப்பாவுக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி. அவர் சட்டை என்று நினைத்துப் பிரித்தார். உள்ளே அலாரம், இரண்டு ரிமோட்டு. பழைய வண்டியாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டாவது வண்டிக்கு, முக்குக்கடை மெக்கானிக் பாபு அதை மாட்டிக் கொடுத்தான். அப்பாவுக்கு அன்று இருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தண்ணீர் பிடிக்க இறங்கினாலும் ரிமோட்டை அழுத்திவிட்டுத்தான் இறங்குவார். ஆனால் அது படுத்தின பாடும் கொஞ்சம் இல்லை. லாரி போனால் கத்தும், சாவு மேளம் போனால் கத்தும், பூனை சீட்டில் ஏறினால் கத்தும். எதிர்வீட்டு சரோஜா தறிக்குப் பாவு நூல் போட்டுக்கொண்டே கூப்பிடுவாள், "அண்ணா, உங்க வண்டிக்குப் பசிக்குதாம், போய்ப் பாருங்க!" ஒரு தரம் ராத்திரி முழுக்கக் கத்தி பேட்டரியே இறங்கிவிட்டது. பாபு அதன் சென்சாரைக் குறைத்துவைத்த பிறகுதான் தெரு தூங்கியது. அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது.

அப்பாவின் வேலையே அந்த வண்டிதான். சாயப்பட்டறையில் காய்ந்த பட்டு நூலை மூட்டை கட்டி வண்டியில் வைத்துக்கொண்டு, பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு வீடு, அந்த வீட்டில் இரண்டாவது தறி யாருடையது என்பது வரை தெரியும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் அரக்கு நூலைக் கொடுக்க வேண்டிய வீட்டில் பச்சையைக் கொடுத்துவிட்டு வந்தார். யாருக்கும் நடப்பதுதான் என்று விட்டோம். பிறகு அடிக்கடி நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவர் போனிலிருந்து ஒரு பையன் பேசினான். "ஆன்ட்டி, இங்க திருப்பருத்திக்குன்றத்துல ஒரு பெரியவரு வண்டிய வச்சிக்கினு நிக்கிறாரு. பெட்ரோல் இல்ல. வீடு எங்கன்னு கேட்டா சிரிக்கிறாரு." நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "நீ எப்படி இங்க வந்தே?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

பட்டறைக்காரர் நல்லவர். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணா" என்று பக்குவமாகச் சொல்லி நிறுத்தினார். செங்கல்பட்டில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, வியாதியின் பேரைச் சொன்னார். மாத்திரை எழுதினார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார், "வண்டி மட்டும் குடுக்காதீங்கம்மா. அவருக்கு அடிபட்டா ஒரு வீட்டுக்குக் கஷ்டம். குறுக்க ஒரு கொழந்த வந்தா ரெண்டு வீட்டுக்குக் கஷ்டம்." உன்னிடம் நான் மறதி என்று மட்டும்தான் சொன்னேன். நீ அப்போதுதான் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகியிருந்தாய். வயசானால் மறதி வரும்தானே என்றாய். ஆமாம் என்றேன்.

முதலில் சாவியை ஒளித்துவைத்தேன். அதைப் போல ஒரு தப்பு இல்லை, குமரா. அவர் அரிசிப் பானையில் கைவிட்டுப் பார்த்தார். சாமி படங்களை எல்லாம் இறக்கிவைத்துப் பின்னால் பார்த்தார். சரோஜா வீட்டுப் பெண் வந்து போனாளே என்றார். கடைசியில் தரையில் உட்கார்ந்து தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். "நான்தான் எங்கியோ வச்சிட்டேன். எனக்கு இன்னாமா ஆச்சி? நீயாவது சொல்லேன், எனக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. சாவியைத் தலையணை உறைக்குள் போட்டு, அங்கே கிடந்தது போல எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் பாபுவிடம் போனேன். சாவி அவரிடமே இருக்க வேண்டும், ஆனால் வண்டி கிளம்பக் கூடாது என்றேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தான். "சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்சு வைக்கலாம்கா. அத ஆஃப் பண்ணிட்டா கரண்டு போகாது. எவ்ளோ ஒதச்சாலும் ஸ்டார்ட் ஆவாது. ஆனா அது திருடனுக்குன்னு வைக்கிறதுக்கா. அண்ணனுக்குப் போய்..." என்றான். "தெரியும்பா. வை" என்றேன். அப்பா மத்தியானம் தூங்குகிற நேரம் வந்து வைத்துவிட்டுப் போனான். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று சொல்லிக்கொண்டே போனான். நீ கேட்டாயே, இம்மொபிலைசர் என்றால் இதுதான். நம் வீட்டில் அது ஒரு நாள்கூடத் திருடனைத் தடுத்ததில்லை. வண்டிக்குச் சொந்தக்காரரைத்தான் தடுத்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரே காட்சிதான். குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, விபூதி வைத்துக்கொண்டு கிளம்புவார். உதைப்பார். இன்னொரு உதை. நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டு ஒவ்வோர் உதையையும் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாயால் ஊதி, வெயிலில் காட்டிப் பார்த்து மாட்டுவார். ஒரு நாள் அவர் கை துடைக்க ஒரு துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். என்னைப் பார்த்துச் சொன்னார், "பாவம், வண்டிக்கு உடம்பு சரியில்லமா. வயசாயிடுச்சில்ல." கோபம் இல்லை, குட்டிக்கொள்ளவும் இல்லை. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயம் அவரை விட்டுப் போயிருந்தது. கோளாறு வண்டிக்குத்தானே. பாபுவும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "ஸ்பேர் மெட்ராஸ்லேர்ந்து வரணும்ணா, சொல்லியிருக்கேன்" என்பான். "சரிப்பா, அவசரமில்ல" என்பார் இவர். கட்டின புருஷனை நாள் தவறாமல் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனே என்று அழுகை வரும். ஏமாற்றாவிட்டால் அந்த முகம் இவ்வளவு அமைதியாக இருந்திருக்குமா என்றும் தோன்றும்.

அலாரத்தையும் நான் விடவில்லை. ரிமோட்டை அவர் மறந்தே போயிருந்தார், இரண்டும் என்னிடம்தான். காலையில் அவர் வண்டியைத் தொடுகிற நேரம் அதை அடக்கிவைப்பேன். நான் பால்வாடி வேலைக்குக் கிளம்பும்போது ரிமோட்டை அழுத்திவிட்டுப் போவேன். பால்வாடி பக்கத்துத் தெருதானே. வண்டி ஸ்டாண்டை விட்டு அசைந்தால் எனக்குக் கேட்டுவிடும். பிள்ளைகளை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு ஓடிவருவேன். வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். "எங்கங்க கிளம்பிட்டீங்க?" என்றால் நூல் கொடுக்க என்பார். மழை வருது, நாளைக்குப் போலாம் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போவேன். வெயில் கொளுத்தினாலும் மழை வருது என்றுதான் சொல்வேன். அதை நம்பிக்கொண்டு வருவார்.

ஐப்பசியில் ஒரு நாள் உண்மையாகவே மழை பெய்தது. அன்றைக்கு எங்களுக்கு ஒன்றிய ஆபீசில் மீட்டிங். வர முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. சரோஜாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவளும் இரண்டு தரம் வந்து பார்த்திருக்கிறாள். மூன்றாவது தரம் வருவதற்குள் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார். அலாரம் கத்தியிருக்கிறது. தெருக் கோடி வரைக்கும் கத்திக்கொண்டே போயிருக்கிறது. நான் திரும்பி வந்து, வீடு திறந்து கிடப்பதைப் பார்த்துக் கதறினபோது, டீக்கடைக்காரர் பதறிப்போய்ச் சொன்னார், "பாத்தோம்மா. அவரு வண்டிய அவரே தள்ளிக்கினு போறாரு, கையில சாவி இருக்குது. நாங்க இன்னான்னு கேக்கறது?" அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வண்டியைப் பறிகொடுக்கிறவனுக்காகக் கத்தத்தான் அதற்குத் தெரியும். தன்னையே பறிகொடுத்துக்கொண்டு போகிறவனுக்காகக் கத்துகிறது என்று யாருக்குப் புரியும்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவர் போன வழியே எனக்குத் தெரிந்திருக்காது. சரோஜாவும் நானும் குடையில்லாமல் நடந்தோம். வழியெல்லாம் ஒரே கேள்விதான், "கத்துற வண்டிய ஒருத்தர் தள்ளிக்கினு போனாரா?" என்று. வயசானவர், வெள்ளைச் சட்டை என்று கேட்டிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? கத்துகிற வண்டியை எல்லோருக்கும் நினைவிருந்தது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை செக்யூரிட்டி, "ஆமாம்மா, காது கிழிஞ்சிது. ஆஃப் பண்ணுங்க பெரியவரேன்னேன். ஹாரன் மாட்டிக்கிச்சி தம்பின்னாரு" என்று கை காட்டினார். பூ விற்கிறவள் ஒருத்தி, பெருமாள் கோயில் பக்கம் போனார் என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் கணக்கு சாரின் தெரு.

நீ டியூஷன் படித்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. சார் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். தெரு முனையில் ரிமோட்டை அழுத்திப் பார்த்தேன். பேட்டரி இறங்கி, தொண்டை கட்டினவன் குரல் மாதிரி அது பதில் சொன்னது. பூட்டின கேட்டுக்கு எதிரே, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டு நனையாமல் தன் துண்டைப் போர்த்தி, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். செருப்பு ஒரு காலில் இல்லை. நான் "என்னங்க" என்று கத்திக்கொண்டு ஓட, அவர் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாத. உள்ள பாடம் நடக்குது. பையன் இப்ப வந்துடுவான்" என்றார்.

எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. பையனை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார். அதனால்தான் உனக்குப் போன் போட்டேன். "குமரா, அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசு. நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்லு" என்றேன். நினைவிருக்கிறதா? "அம்மா, ஆடிட் நடந்துக்கினு இருக்குது, வெளாடாதம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். நீ மறுபடி கூப்பிட்டாய். நான் ஒன்றும் இல்லை என்றேன். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் எதையும் சொல்லாதபோது உனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு வேறு வழியில்லாமல் நானே அவரிடம் சொன்னேன், "அவன் நடந்தே வீட்டுக்கு வந்துட்டாங்க. சோறு சாப்பிட்டுக்கினு இருக்கான்." நிம்மதி ஆகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. "நடந்தே வந்துட்டானா, இந்த மழையில? நான் லேட்டாயிட்டேனா? என் மேல கோவமா இருக்கானா?" என்றார்.

நீ மறந்திருப்பாய். பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் டயர் பஞ்சராகி, டியூஷனிலிருந்து உன்னைக் கூட்டிவர அப்பாவுக்கு நேரமாகிவிட்டது. நீ மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்தாய். ராத்திரி அவரோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. பிள்ளைக் கோபம், அதில் தப்பே கிடையாது. நானும் மறந்துதான் போயிருந்தேன். அவருக்கு நூல் கொடுத்த வீடுகள் மறந்துவிட்டன, தன் தம்பியின் பெயர் மறந்துவிட்டது, சில நாள் நான் யார் என்பதே மறந்துவிடுகிறது. அது மட்டும் எங்கோ ஆழத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு மினி வேனைப் பிடித்து வண்டியையும் எங்களையும் ஏற்றி வந்தோம். வழி முழுக்க அவர் வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டே வந்தார். அன்று பிடித்த ஜுரம் நெஞ்சில் சளியாகி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. பிழைத்து எழுந்தார். ஆனால் வண்டிப் பக்கம் போகிறதில்லை. சாவியைக் கையில் கொடுத்தால் அது என்ன என்று கேட்கிறார். ரிமோட்டை நான் இப்போது அழுத்துவதில்லை, அதற்கு வேலையும் இல்லை. இத்தனை நாள் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டவள், பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். போட்டுக்கொள். ஆனால் ரோட்டோரம் ஒயரை வெட்டி ஒட்டுகிறவனிடம் கொடுக்காதே, கம்பெனியிலேயே போடச் சொல். சென்சாரைக் குறைத்துவை, எதற்கெடுத்தாலும் கத்தினால் ஊர் காதை மூடிக்கொள்ளும். இம்மொபிலைசர் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவனைத்தான் நிறுத்தும், தூக்கிக்கொண்டு போகிறவனை நிறுத்தாது. அதனால் சைடு லாக்கை மறக்காதே. ராத்திரியில் ஒரு தூணோடு சங்கிலி போடு. சுவிட்சு எங்கே இருக்கிறது என்பதைக் கட்டிக்கொள்கிறவளிடம் முதல் நாளே காட்டிவிடு. ஆத்திர அவசரத்துக்கு வண்டி அவளுக்கும் கிளம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உன் காதுக்கு எட்டுகிற தூரத்தில் நிறுத்து. ஓடி வருகிறவன் இல்லாவிட்டால் அலாரம் வெறும் சத்தம்தான்.

நம் வண்டியை விற்றுவிடலாம் என்று போன மாதம் சொன்னாய். விற்றுக்கொள்ளலாம், அவசரமில்லை. அதற்கு முன்னால் நீ ஒரு தரம் வர வேண்டும். கல்யாணத்துக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, அதற்கு இன்னும் பல மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் இவர் எந்த நிலையில் இருப்பார் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. சாயங்காலமானால் என்னைப் பார்த்துக் கேட்கிறார், "பையன் கோவமா இருக்கானா?" என்று. இல்லைங்க என்கிறேன். நான் சொன்னால் நம்புவதில்லை. அம்மாக்காரி அப்படித்தான் சொல்லுவா என்று சிரிக்கிறார். உன்னை அடையாளம் தெரியாமல் போகலாம். வேறு யார் பேரையாவது சொல்லிக் கூப்பிடலாம், திருத்தாதே. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, உன் வாயால் ஒரு தரம் சொல்: "நீ லேட்டா வரலப்பா. நான்தான் சீக்கிரம் கெளம்பிட்டேன்."

இப்படிக்கு,
அம்மா